முப்பத்தொன்றரை சதவீதம் தண்ணீர்

காலை ஒன்பது நாற்பது. டெக்னீஷியன் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். நான் குனிந்து நுழைந்து, ஏசியைப் போடுவதற்காக நேராக உள்ளறைக்குப் போனேன். விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது சிமெண்டைச் சோதிக்கும் விக்காட் கருவியின் எஃகுத் தண்டில் இருந்த சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்திருந்தது. மேல் பாதியைக் காணோம். கீழ்ப் பாதியில் குங்குமம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் மற்றவற்றைப் பார்த்தேன்: தராசின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை, ஜன்னல் கம்பியில் வாடித் தொங்கிய சாமந்திச் சரம், தொட்டியோரம் செத்துக் கிடந்த ஒரு கரப்பான்பூச்சி.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து, லட்சுமி பூஜையும் கழிந்து, லேப் திறந்த முதல் நாள் அது. டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்த்தளம். வெளியறையில் மேஜைகள், ரிப்போர்ட் அடிக்கும் கணினி. உள்ளறையில் சிமெண்ட். உள்ளறை எப்போதும் இருபத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். கல்கத்தாவில் இது சின்ன வேலை இல்லை.

"சுபோ பிஜோயா, காகஜ் தாதா," என்று டெக்னீஷியன் வந்து தழுவிக்கொண்டார். தசமி முடிந்தால் இங்கே வழக்கம் அது. வீட்டில் செய்த நாருவை, தேங்காய் உருண்டைதான், ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். காகஜ் என்றால் வங்காளியில் செய்தித்தாள், தாதா என்றால் அண்ணன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆங்கில நாளிதழில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். இப்போது வாரம் மூன்று நாள் பவானிபூரிலிருந்து வந்து இந்த லேபின் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிறேன். தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறதா, தேதி சரியா, ஆங்கிலம் ஆங்கிலமாக இருக்கிறதா, இவ்வளவுதான் வேலை. சிமெண்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் இங்கே பார்த்துத் தெரிந்துகொண்டது.

பொறுப்பாளர் பத்து மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா கரக்பூர் ரயில்வே பணிமனையில் இருந்தவர்; மகள் அங்கே காலனியில் வளர்ந்து, சிவில் படித்து, கல்கத்தா வந்தவர். என்னோடு தமிழில் பேசுவார். டெக்னீஷியனோடு வங்காளி. கோபம் வந்தால் யாரோடும் இந்தி.

"ரெண்டு பேரும் நாருவ அப்புறம் சாப்பிடலாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நம்பர் போயாகணும்," என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு நாருவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எந்த நம்பர் என்று சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரே சிமெண்டைப் பொட்டலமாகக் கட்டி, மேலே ஒரு குறியீட்டெண் மட்டும் எழுதி, பல லேபுகளுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் ஒரே சோதனையைச் செய்து முடிவை அனுப்ப வேண்டும். யாருடைய முடிவு கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறதோ அந்த லேபில் ஏதோ கோளாறு என்று பொருள். லேபுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. எங்களுக்கு வந்த பொட்டலம் பூஜைக்கு முன்பே வந்து, உறை பிரிக்காமல் டப்பாவில் இருந்தது. கடைசி நாள் இன்று.

அந்த வருடம்தான் பொறுப்பாளருக்குக் கையெழுத்து உரிமை கிடைத்திருந்தது. சிமெண்ட் ரிப்போர்ட்டின் அடியில் அவர் பெயர் இருக்கலாம். இந்த ஒப்பீட்டில் தவறினால் அந்த உரிமை நிறுத்தப்படும். மறுபடி தேர்வு, மறுபடி காத்திருப்பு. முதலாளி அதை ஒளிக்கவில்லை. கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார் என்று பூஜைக்கு முன்பே சொல்லியிருந்தார். "ஒரு பாதுகாப்புக்குத்தான், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க," என்றாராம். பொறுப்பாளர் அதை என்னிடம் சொன்னபோது குரலில் எதுவும் இல்லை. அவர் வந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அவருக்குப் பேனா எடுத்துக் கொடுப்பேன்," என்றார்.

சோதனை எளிமையானது. நானூறு கிராம் சிமெண்டை எடுத்து, அளந்த தண்ணீரை ஊற்றி, கரண்டியால் சில நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். அந்தக் களியை ஒரு வளைய அச்சில் நிரப்பி மேலே மட்டப்படுத்த வேண்டும். கருவியில் ஒரு தண்டு நிற்கிறது. அதன் நுனியில் விரல் பருமனில் ஓர் உலோக உருளை. உருளையைக் களியின் மேல் தொடுமாறு இறக்கிவிட்டு, திருகைத் தளர்த்தினால் தண்டு தன் எடையில் உள்ளே இறங்கும். அச்சின் அடியிலிருந்து ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டருக்குள் நின்றால் அந்தத் தண்ணீரின் அளவு சரி. அதற்கு மேலேயே நின்றுவிட்டால் களி கெட்டி. இன்னும் தண்ணீர் வேண்டும். அப்போது பழைய களியில் தண்ணீரைக் கூட்ட முடியாது. புதிய சிமெண்ட், முதலிலிருந்து. இப்படிக் கிடைக்கும் எண் ஒன்றுதான். ஆனால் சிமெண்ட் எவ்வளவு நேரத்தில் இறுகும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று அடுத்து வரும் சோதனைகளுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும். இது தப்பினால் பின்னால் வருவது எல்லாம் தப்பும்.

டெக்னீஷியன் ஈரத்துணியால் கருவியைத் துடைத்தார். தண்டிலிருந்த பொட்டையும் துடைத்தார். துடைக்கும்போது, "சாமி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, வேலை இருக்கு," என்றார்.

முதல் முறை இருபத்தெட்டு சதவீதம். நூற்றுப் பன்னிரண்டு மில்லி தண்ணீர். பொறுப்பாளரே பிசைந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிரப்பி, தகட்டோடு சேர்த்து லேசாகத் தட்டி, காற்றுக் குமிழியை வெளியேற்றி, மேலே வழித்தார். திருகைத் தளர்த்தினார். தண்டு இறங்கி, பதினைந்தில் நின்றது.

"பதினஞ்சு," என்றார் டெக்னீஷியன்.

"கெட்டி. ஒன்றரை கூட்டுங்க."

இருபத்தொன்பதரை. பதினொன்றில் நின்றது. முப்பதரை. ஒன்பது. ஒவ்வொரு முறையும் அச்சைக் கவிழ்த்து, உள்ளே எண்ணெய் தடவியிருந்ததால் எளிதாக வழுக்கி வந்த களிக்கட்டியைப் பிளாஸ்டிக் தாளின் மேல் வரிசையாக வைத்தார்கள். நடுவில் உருளை போன துளையோடு அவை வெல்ல அச்சு போல உட்கார்ந்திருந்தன. டெக்னீஷியன் வாளியில் போடப் போனபோது பொறுப்பாளர் தடுத்தார்.

"நம்பர் போற வரைக்கும் எதையும் வீசாதீங்க."

நான்காவது முறை முப்பத்தொன்றரை. நூற்று இருபத்தாறு மில்லி. தண்டு ஆறில் நின்றது. ஐந்துக்கும் ஏழுக்கும் சரி நடுவில்.

"மா துர்கா!" என்று டெக்னீஷியன் கையைத் தூக்கினார். "முடிஞ்சுது மேடம். காகஜ் தாதா, அச்சுக்குக் கொடுங்க."

நான் எண்ணை எழுதிக்கொண்டேன். பொறுப்பாளர் நகரவில்லை. அச்சின் ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழித்த மேற்பரப்பு பளபளவென்று இருந்தது. ஓரத்தில் மெல்லிய தண்ணீர்க் கோடு.

"சார், இங்க வாங்க. இது எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு."

"ஈரமா இல்ல, சார். தண்ணி தனியா நிக்குது. இட்லிக்கு ஆட்டின மாவு தோசைக்குப் போயிட்ட மாதிரி இருக்கு. இவ்வளவு தண்ணி கேக்கற சிமெண்ட் இப்படி நிக்காது."

"கருவி ஆறுன்னு சொல்லுதே."

"அதான் எனக்குப் பிடிக்கல."

டெக்னீஷியன் வங்காளியில் என்னிடம், "தென்னாட்டுக்காரங்களுக்கு எதப் பாத்தாலும் தோசை," என்றார். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. தேநீர் குடிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

தெருமுனைக் கடையிலிருந்து மண்குவளையில் தேநீர் வந்தது. மூன்று பேரும் வெளியறையில் உட்கார்ந்தோம். நாரு டப்பா நடுவில் இருந்தது. டெக்னீஷியன் தன் தொலைபேசியைப் பார்த்தார், மேஜையில் கவிழ்த்து வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன்."

"கரியாஹாட் பக்கம் ஒரு லேப் இருக்குல்ல? அங்க என் மச்சினனோட கூட்டாளி வேலை பாக்கறான். அவங்களுக்கும் இதே பொட்டலம்தான். அவங்க பூஜைக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிட்டாங்க." தொலைபேசியைத் தட்டிக் காட்டினார். "நம்பர் இதுல இருக்கு."

பொறுப்பாளர் குவளையைக் கீழே வைத்தார்.

"சொல்லாதீங்க."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்ச பிறகு தண்டு எங்க நின்னாலும் அங்க நின்னதாத்தான் என் கண்ணுக்குத் தெரியும்."

"சரி, நம்பர் சொல்லல. நம்மது கிட்ட வருதா இல்லையா, தலைய மட்டும் ஆட்டறேன்."

"தலையையும் ஆட்டாதீங்க."

"கண்ண மூடித் திறக்கறேன்?"

"தாதா!" என்றார் பொறுப்பாளர். பிறகு இந்தியில் ஒரு வாக்கியம் சொன்னார். டெக்னீஷியன் இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கையை எடுத்த பிறகு அவர் முகம் நிம்மதியாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, இன்னொரு நாருவை எடுத்துக்கொண்டார். நல்ல செய்தி வைத்திருக்கிறவர் உட்காரும் விதம் அது. பொறுப்பாளரும் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் செய்தது மெதுவான வேலை. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தராசு. அளவு எடைக்கற்களைப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்து தண்ணீர் அளக்கும் குழாய். அதில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரையே எடை போட்டார். அதுவும் சரி. வெப்பமானி, சிமெண்ட் டப்பாவின் மூடி, பிசையும் கரண்டி எல்லாவற்றையும் பார்த்தார். விடுமுறையில் அறை பூட்டிக் கிடந்ததே, சிமெண்ட் ஈரம் இழுத்திருக்குமோ என்று பொட்டலத்தின் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறையில் ஓட்டை இல்லை.

டெக்னீஷியன் பொறுமையிழந்து வாசலில் நின்றார்.

"மேடம், முதல்ல வந்த நம்பரே நல்ல நம்பருன்னு எனக்குத் தோணுது."

"நீங்க தலைய ஆட்டறீங்க."

"வாய்தான் பேசுது, தலை சும்மாத்தான் இருக்கு."

"வாயும் சும்மா இருக்கட்டும்."

இதற்குள் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். ரிசல்ட் போய்விட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, மேடம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். "பேராசிரியர் வேணுமானா சாயங்காலம் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போவார்," என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். பொறுப்பாளர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியாக மிஞ்சியது கருவி. உருளையை மாட்டிய தண்டுக்கு ஒரு குறிப்பிட்ட எடை இருக்க வேண்டும். அதை எடை போடத் தண்டை வெளியே எடுக்கப் பார்த்தார். வழக்கமாக மேலே தூக்கினால் தானாக வந்துவிடும். வரவில்லை. கொஞ்சம் திருகினார். உலோகத்துக்குள் பொடி அரைபடும் சத்தம் எனக்கே கேட்டது. தண்டு வெளியே வந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது.

பொறுப்பாளர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். டெக்னீஷியனிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார்.

"சந்தன்," என்றார் டெக்னீஷியன்.

பஞ்சமி மாலை நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆயுத பூஜை நவமியன்று. அன்று கல்கத்தாவில் எந்த லேபும் திறந்திருக்காது. அதனால் பொறுப்பாளர் ஒவ்வொரு வருடமும் விடுமுறைக்கு முந்தின மாலையே கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். கரக்பூரில் அப்பா வீட்டில் திருப்புளி முதல் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் வைப்பாராம். அந்த வருடம் சந்தனப் பொடி லேக் மார்க்கெட்டில் வாங்கியது. பன்னீர் விட்டுக் குழைத்த கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். தராசுக்கு, அடுப்புக்கு, அழுத்தும் இயந்திரத்துக்கு, கணினிக்கு, என் சிவப்புப் பென்சிலுக்கும்கூட. விக்காட் கருவிக்கு வந்தபோது தண்டு கீழே இறங்கியிருந்தது. தண்டின் நடுவில் பொட்டு வைத்தார். பிறகு, விடுமுறையில் உருளை தகட்டில் இடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தண்டை மேலே தூக்கித் திருகை இறுக்கினார். பொட்டின் மேல் பாதி, தண்டு ஏறி இறங்கும் துளைக்குள் போய்விட்டது. விடுமுறை முழுக்க அங்கேயே காய்ந்தது. இன்று காலை டெக்னீஷியன் ஈரத்துணியால் துடைத்தபோது மீதியும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

தண்டு தன் எடையில் இறங்கவில்லை. சந்தனம் பிடித்து இழுக்க இழுக்க இறங்கியிருக்கிறது. களி கெட்டியாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

 டெக்னீஷியன்தான் தொடங்கினார்.

"அம்மா மகிஷாசுரன முடிச்சாங்க. மேடம் விக்காட்ட முடிச்சாங்க."

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். அன்று முதல் முறையாக.

"விஸ்வகர்மா பூஜைக்கு நானும் சிந்தூரம் வெச்சேன்," என்று டெக்னீஷியன் தொடர்ந்தார். "எங்க வெச்சேன்? அடித்தட்டுல. எங்க சாமிக்கு இன்ஜினியரிங் தெரியும்."

"உங்க ஈரத்துணிக்கு என்ன தெரியும்?"

"துணி பாவம் மேடம், அதை விட்டுடுங்க."

தண்டையும் துளையையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார்கள். எண்ணெய் போடலாமா என்று நான் கேட்டேன். எண்ணெய் சிமெண்ட் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்றார் பொறுப்பாளர். துடைத்து, உலர்த்தி, எடை போட்டு, மறுபடி மாட்டினார். அச்சு வைக்காமல், கீழே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தினார். தண்டு சத்தமில்லாமல் கையில் விழுந்தது. காலையிலிருந்து அது அப்படி விழவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிமெண்ட் அதிகம் மிச்சமில்லை. அடுத்த சோதனைகளுக்கு எடுத்து வைத்தது போக, மூன்று முறை பிசையலாம். பொறுப்பாளர் மறுபடி இருபத்தெட்டிலிருந்து தொடங்கினார். அதே நூற்றுப் பன்னிரண்டு மில்லி. காலையில் பதினைந்தில் நின்ற தண்டு இப்போது எட்டில் நின்றது. அரை சதவீதம் கூட்டி இருபத்தெட்டரை. ஆறு.

மேற்பரப்பைப் பார்த்தேன். பளபளப்பு இல்லை. ஓரத்தில் தண்ணீர் இல்லை.

"இன்னொரு தடவ, இதே அளவு," என்றார் பொறுப்பாளர். "இந்தத் தடவ நீங்க செய்யுங்க தாதா. நான் பக்கத்துல வர மாட்டேன்."

டெக்னீஷியன் செய்தார். நல்ல கை அவருக்கு. பிசையும்போது ஒரு துளி வெளியே சிந்தாது. பொறுப்பாளர் வெளியறையில் என்னோடு நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆறு."

குரலில் காலையில் இருந்த உற்சாகம் இல்லை. அவர் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தேன். நிம்மதி போயிருந்தது. தொலைபேசியை எடுத்தார், பார்த்தார், சட்டைப்பையில் போட்டார். டப்பாவில் ஒரு நாரு மிஞ்சியிருந்தது. அதைத் தொடவில்லை.

அறையில் இருந்த மூன்று பேருக்கும் இப்போது ஒரே விஷயம் தெரிந்திருந்தது. கரியாஹாட் லேபின் எண் இருபத்தெட்டரையின் பக்கத்தில் இல்லை. அது முப்பத்தொன்றின் பக்கத்தில் இருக்கிறது.

"நீங்க ஒண்ணும் சொல்லலதான்," என்றார் பொறுப்பாளர். "ஆனா உங்க முகம் இருக்கே, அது ஒரு நியூஸ் சேனல்."

"மேடம், நான் இப்பவாவது சொல்லிடறேனே."

"வேண்டாம்."

"அங்க சந்தனம் இல்ல மேடம். அங்க எல்லாம் நம்ம வங்காளிங்க."

 பொறுப்பாளர் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். படிவம் திறந்திருந்தது. எண் போடும் கட்டம் காலி. முதலாளி பேராசிரியரைப் பற்றிச் சொன்னது மறுபடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; அவர் கை மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க பேப்பர்ல இருந்தவர்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "ரெண்டு நிருபர் ரெண்டு விதமா எழுதினா எதைப் போடுவீங்க?"

"நேர்ல பாத்தவன் எழுதினதை."

"ரெண்டு பேரும் நேர்ல பாத்திருந்தா?"

"நம்ம நிருபர் எழுதினதை."

"அது தப்பா இருந்தா?"

"மறுநாள் திருத்தம் போடுவோம். உள்பக்கத்துல, சின்னதா."

"எனக்கு மறுநாள் இல்லையே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

டெக்னீஷியனுக்குத் தமிழ் புரியாது. ஆனால் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன முடிவு?" என்று கேட்டார்.

"தண்டு எங்க நின்னுது?"

"ஆறுல."

"எவ்வளவு தண்ணில?"

"இருபத்தெட்டரை."

"நீங்கதானே பாத்தீங்க?"

"நான்தான் பாத்தேன்."

"அதான்," என்றார் பொறுப்பாளர். இருபத்தெட்டரை என்று கட்டத்தில் போட்டார். நான் வழக்கப்படி பின்னால் நின்று தசமப் புள்ளியைச் சரிபார்த்தேன். குறிப்புக் கட்டத்தில், கருவியின் தண்டு சிக்கியதால் முதல் நான்கு முயற்சிகளும் தள்ளப்பட்டன என்று அவர் எழுதினார். எதனால் சிக்கியது என்று எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். சந்தனத்துக்கு ஆங்கிலம் எழுதினார். பூஜை என்பதை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தோம். கடைசியில் 'விடுமுறைக்கு முந்தைய வழிபாட்டுப் பூச்சு' என்ற பொருளில் ஒன்றை ஆங்கிலத்தில் போட்டேன். நான் திருத்திய வாக்கியங்களில் அது ஒன்றுதான் இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். முதலாளிக்கு எண்ணைச் சொன்னார், சந்தனத்தையும் சொன்னார்.  பிறகு, "பேராசிரியர்கிட்ட ஒரு வார்த்தை பேசி வெக்கறேன்," என்று முதலாளி சொன்னது வெளியறை முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். காளி பூஜை வந்து போனது. பட்டாசுப் புகை அடங்கி, குளிர் வந்தது. டாலிகஞ்ச் ஆட்டோ ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பொறுப்பாளர் தன் பெயரில் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பெயருக்குக் கீழே கோடு போடும் பழக்கம் அவருக்கு. அந்த வாரங்களில் கோடு போடவில்லை. பேராசிரியர் ஒருமுறை வந்தார். நல்ல மனிதர். தேநீர் குடித்தார், கருவிகளைப் பார்த்தார், அறையின் வெப்பத்தைப் பாராட்டினார். பொறுப்பாளர் அவருக்குப் பேனா எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு மதியம் முடிவு வந்தது. லேபுகளின் பெயர் இல்லை, குறியீட்டெண்கள் மட்டும். பொறுப்பாளர் கணினியைத் திறந்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து பார்க்க முடியவில்லை போலும். நானும் டெக்னீஷியனும் இரண்டு பக்கமும் நின்றோம். சிமெண்ட் களிக்கான அட்டவணை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எல்லா லேபுகளையும் வைத்து ஏற்றுக்கொண்ட எண் இருபத்தெட்டரையை ஒட்டி இருந்தது. எங்கள் குறியீட்டெண்ணுக்கு நேரே 'திருப்தி' என்று போட்டிருந்தது.

பொறுப்பாளர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

டெக்னீஷியனின் விரல் திரையில் கீழே கீழே போய், ஒரு வரியில் நின்றது. முப்பத்தொன்று. அதற்கு நேரே 'திருப்தி இல்லை'.

"இது அவங்கதான்," என்றார். "இப்பச் சொல்லலாம்ல?"

"இப்பச் சொல்லுங்க," என்றார் பொறுப்பாளர்.

"முப்பத்தொண்ணு."

"அவங்களுக்கு என்ன ஆச்சாம்?"

"கேக்கறேன்." தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது உதட்டைப் பிதுக்கினார். "தெரியலயாம். இன்னும் தேடறாங்களாம்."

பொறுப்பாளர் அன்று கையெழுத்துக்காக இருந்த மூன்று ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றிலும் பெயருக்குக் கீழே கோடு இருந்தது.

அக்டோபரில் பிளாஸ்டிக் தாளில் வைத்த முதல் நான்கு களிக்கட்டிகளும் இறுகிக் கல்லாகிவிட்டன. மூன்றை டெக்னீஷியன் வீசிவிட்டார். நான்காவது என் மேஜையில், ஏசிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க உதவுகிறது. பக்கவாட்டில் பென்சிலால் 31.5 என்று எழுதியிருக்கிறது. நடுத் துளையில் என் சிவப்புப் பென்சில் நிற்கிறது.